“அப்பா எப்ப வருவாரு?” என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லும் பதில்



பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டம் ஒன்றில் ஓர் அம்மா எழும்பிக் கேட்டார்: “எங்க லயத்தில ஒரு புள்ள இருக்கு. அம்மா இல்ல. அப்பா இருக்காரு, ஆனா இருக்கிற மாதிரி இல்ல. அந்தப் புள்ளைக்கு நாம என்னதான் செய்யிறது?” அன்று நாம் சரியான பதில் சொல்லவில்லை. நேரமும் போதவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம். நாம் கண்ட ஒரு பிள்ளையின் கதையோடு தொடங்குவோம். அதிலே நாமே விட்ட ஒரு பிழையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். பிள்ளையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மட்டும் எழுதவில்லை.

பத்து வயதுப் பெரிய மனிதன்

ஆறு வருடத்துக்கு முன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு தாய் நோயில் இறந்துபோனார். பத்து வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை. தகப்பன் நல்ல வேலைக்காரர். கவ்வாத்து மலையில் அவருக்கு ஈடாக வெட்ட ஆள் குறைவு. சம்பள நாளில் மட்டும் குடித்தவர், மனைவி போன பிறகு மற்ற நாளிலும் குடிக்கத் தொடங்கினார். சில நாள் வேலைக்குப் போவார், சில நாள் எங்கே போனார் என்றே தெரியாது. இரண்டு நாள் கழித்து வருவார். வரும்போது பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வருவார், கட்டிப்பிடித்து அழுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரை நம்பி ஓர் உலை வைக்க முடியாது.

அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? காலையில் மாவு பிசைந்து ரொட்டி சுட்டான். தங்கச்சிக்குத் தலை சீவி விட்டான். கடையில் பற்று ஏறியபோது, “அப்பாவுக்குக் காசு வருது, நாளைக்குத் தாறோம்” என்று தானே போய்ச் சொன்னான். பள்ளிக்கூடத்துக்கு வராத நாளுக்கு அப்பா எழுதியது போலத் தானே கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டான். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பகல் சாப்பாட்டில் பாதியைச் சுருட்டிப் பைக்குள் வைப்பதை டீச்சர் கண்டு எங்களுக்கு அறிவித்தார்.

லயத்தில் எல்லோரும் “எவ்வளவு நல்ல பையன், பெரிய மனுசன் மாதிரி” என்று மெச்சினார்கள். நாமும் மெச்சினோம். இப்போது யோசித்தால் அது மெச்ச வேண்டிய விடயம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பெரிய மனிதனாக நடக்கிறது என்றால், அந்த வீட்டில் பெரிய மனிதர் யாரும் இல்லை என்று அர்த்தம். அடம் பிடிக்கிற பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். இப்படிச் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

எங்கே அனுப்புவது?

சொந்தக்காரர் கூடிப் பேசினார்கள். பெண் பிள்ளையை அத்தை வீட்டில் விடலாம், பையனைக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பலாம், சாப்பாடு போட்டுப் படிக்கவும் வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். இந்தப் பேச்சு நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. “படிக்க வைப்பார்கள்” என்று போன எத்தனையோ பிள்ளைகள் கடையிலும் வீட்டிலும் வேலைக்காரராக நின்றார்கள். பையன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: “தங்கச்சி எங்க போகுதோ அங்க நானும் போறேன்.”

அந்த நேரம் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருந்து செய்தி வந்தது. இறந்த தாயின் மூத்த அக்கா அங்கே இருக்கிறார். 1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு வடக்கே போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அவர் வன்னியில் வளர்ந்து நீர்வேலியில் கல்யாணம் செய்தவர். “ரெண்டு பேரையும் என்னட்ட விடுங்க. பிரிக்க வேணாம்” என்று சொல்லி அனுப்பினார்.

உடனே அனுப்பி விடவில்லை. முதலில் நாம் போய் வீட்டைப் பார்த்தோம். பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், எந்தப் பள்ளிக்கூடம், வீட்டில் யார் யார் என்று கேட்டோம். தகப்பனிடம் பேசி அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கினோம். பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவித்தோம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனோம்.

நீர்வேலி யாழ்ப்பாண நகரத்தில் இருந்து பருத்தித்துறை வீதியில் பத்துக் கிலோமீற்றர் அளவில் இருக்கும் ஊர். சிவந்த மண், ஆழக் கிணறு, எந்தப் பக்கம் பார்த்தாலும் வாழைத் தோட்டம். பஸ்ஸால் இறங்கியதும் சின்னவள் சுற்றிப் பார்த்துவிட்டு, “மலை எங்க?” என்று கேட்டாள். தோட்டம் என்றால் அவளுக்கு மலைதானே. பெரியப்பா குத்தகைக் காணியில் வாழை வைத்திருக்கிறார். குலை வெட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோவார். வசதியான குடும்பம் இல்லை. ஆனால் நேரத்துக்கு அடுப்பு எரிகிற வீடு.

நாம் விட்ட பிழை

அந்த வருடம் தீபாவளிக்கு முன் தகப்பன் முற்பணம் வாங்கினார். “இந்தத் தடவை புதுத்துணியோட போய்ப் பிள்ளைகளைப் பார்க்கப் போறேன்” என்று எங்களிடம் சொன்னார். அன்று அவர் குடித்திருக்கவில்லை. எங்களுக்கும் சந்தோசம். உடனே நீர்வேலிக்குப் போன் போட்டுப் பையனிடம் சொன்னோம்: “அப்பா கட்டாயம் வருவாரு தம்பி.”

அவர் ஹட்டன் டவுனைத் தாண்டவில்லை.

பையன் தீபாவளியன்று காலையில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நீர்வேலிச் சந்தியில் போய் நின்றிருக்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறான். பெரியம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. சின்னவளை மட்டும் அனுப்பிவிட்டு, இருட்டி, கடைசி பஸ் போகும் வரை நின்றிருக்கிறான்.

அடுத்த மாதம் நாம் போனபோது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னான்: “சார், நீங்கதானே கட்டாயம்னு சொன்னீங்க.” அப்பாவின் மேல் அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பா அப்படித்தான் என்று அவனுக்குத் தெரியும். நம்மை நம்பினான், நாம்தான் அவனை ஏமாற்றினோம். நல்லது நினைத்து, இன்னொருவருடைய வாக்கை நம் வாயால் கொடுத்துவிட்டோம்.

அந்த வீட்டில் பெரியப்பாவின் தாயார், வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய பாடம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிப் பக்கம் போனது. லட்சக்கணக்கான சனம், மழை, ஒடுக்கமான பாதை. “பிள்ளையள் எப்ப வீட்டை போவம் எண்டு கேப்பினம். நாங்கள் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொன்னம். கொஞ்ச நாளால கேக்கிறதை விட்டிட்டினம். அழுகை நிண்டிட்டுது எண்டு நாங்கள் சந்தோசப்பட்டம். அதுகள் எங்களை நம்புறதை விட்டிட்டுதுகள் தம்பி, அதுதான் நடந்தது.” அந்த ஊர்ச் சனம் திரும்பி வர அடுத்த வருடம் ஆனது.

பெரியம்மா செய்தது என்ன?

பெரியம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு மனநலப் பயிற்சி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார். தன்னால் செய்ய முடிந்ததை மட்டும் சொல்வார். சொன்னதைச் செய்வார். “சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பேன்” என்றால் சனிக்கிழமை வைப்பார். “சந்தையால ஆறு மணிக்கு வருவேன்” என்றால் வருவார். ஒரு நாள் பிந்தினால், ஏன் பிந்தியது என்று அந்தப் பிள்ளையிடமே சொல்வார்.

அப்பா வருவாரா என்று கேட்டால், “வாறேன்னு சொல்லியிருக்காரு. வருவாரா வரமாட்டாரான்னு எனக்குத் தெரியாது ராசா. வந்தாலும் வராட்டியும் நாம ராத்திரி தோசை சுடுவோம்” என்பார். அப்பாவைத் திட்டவும் இல்லை, பெரிதாக்கிப் பேசவும் இல்லை.

முதல் மூன்று மாதம் பையன் தலையணைக்குக் கீழே பாண் துண்டு ஒளித்து வைத்தான். எறும்பு வந்தது. பெரியம்மா ஏசவில்லை. ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, “இதில வை, எறும்பு வராது” என்றார். பிறகு ஒரு நாள் டப்பா தானாகவே வெறுமையானது. பசி தீர்ந்து வெகு நாள் கழித்துத்தான் பசியின் பயம் தீர்கிறது.

அவனுக்கு வீட்டில் வேலையும் கொடுத்தார். வாழைக்குத் தண்ணீர் கட்டும் நேரம் வாய்க்கால் மாற்றி விடுவது அவன் பொறுப்பு. தங்கச்சியைக் குளிப்பாட்டுவது, சமைப்பது, கடைக்காரனுக்குப் பதில் சொல்வது எல்லாம் பெரியம்மா எடுத்துக்கொண்டார். தாங்கக்கூடிய வேலை ஒன்றைக் கொடுத்தார், தாங்க முடியாத வேலையை இறக்கி வைத்தார்.

இன்னொரு தோட்டத் தீவில் நடந்த ஆராய்ச்சி

பெரியம்மா தன் புத்தியால் செய்ததை, உலகத்தின் இன்னொரு மூலையில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். அதுவும் நம்மைப் போலத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த இடமாக இருந்தது. கரும்பும் அன்னாசியும் பயிரிட்டார்கள். ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். 1955ஆம் வருடம் அந்தத் தீவில் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு பெண் ஆய்வாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒரு வயது, இரண்டு, பத்து, பதினெட்டு, முப்பத்திரண்டு, நாற்பது என்று வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள்.

அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வறுமை, வீட்டுச் சண்டை, குடிகாரத் தகப்பன், மனநோயுள்ள தாய் என்று பல கஷ்டம் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ பெரிய சிக்கல் வந்தது. மீதி ஒரு பங்கு, 72 பிள்ளைகள், நல்லபடியாகப் படித்து, அன்பும் பொறுப்பும் உள்ள மனிதராக வளர்ந்தார்கள்.

இந்த 72 பேருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பல காரணம் இருந்தது. ஆனால் திரும்பத் திரும்பக் கண்டது இது: சின்ன வயதில் அவர்களோடு நிலையாக நின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார். அது தாயோ தகப்பனோ ஆக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, தாத்தா, மாமி, மூத்த சகோதரம், டீச்சர், அயலவர், கோயில்காரர், யாராகவும் இருக்கலாம். வீட்டில் தங்கள் வயதுக்கு ஏற்ற ஒரு பொறுப்பும் அவர்களுக்கு இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள். பதினெட்டு வயதில் தடம் மாறிப்போனவர்களிலும் பலர், பிறகு நல்ல வேலை, படிப்பு, நல்ல துணை கிடைத்தபோது முப்பது நாற்பது வயதுக்குள் திருந்தி எழும்பினார்கள். ஆகவே “இந்தப் பிள்ளை இனித் தேறாது” என்று யாரையும் கைவிடக் கூடாது.

படத்தில் பார்த்துச் சிரித்திருப்பீர்களே, சார்லி சாப்ளின், அவருடைய கதையும் இதுதான். 1889இல் லண்டனில் பிறந்தார். தகப்பன் மேடைப் பாடகர். குடும்பத்தை விட்டுப் பிரிந்தவர், செலவுக்குக் கொடுப்பது அருமை, குடியால் உடல் கெட்டு 1901இல் இறந்தார். தாய் தையல் வேலை செய்து பார்த்தும் முடியாமல் 1896இல், சார்லிக்கு ஏழு வயதில், பிள்ளைகளோடு ஏழைகள் விடுதிக்குப் போக வேண்டி வந்தது. பிறகு தாய்க்குப் புத்தி பேதலித்து வைத்தியசாலையில் சேர்த்தார்கள். சார்லிக்கு நிலையாக நின்றது நாலு வயது மூத்த அண்ணன் சிட்னி. கப்பலில் வேலை செய்து காசு கொண்டுவந்தவரும் அவர்தான். பிறகு 1908இல் தம்பியை நாடகக் குழுவில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கூடப் பிறந்ததுகளைப் பிரிக்க வேண்டாம் என்று அந்தப் பையன் கேட்டதன் நியாயம் இதில் தெரிகிறது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. இன்னொருவருக்காக வாக்குக் கொடுக்காதீர்கள். “அப்பா கட்டாயம் வருவார்” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

2. உங்களால் முடிந்த சின்ன வாக்கு ஒன்றைக் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள். கிழமைக்கு ஒரு நாள் ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அந்த நாளில் தவறாமல் கொடுங்கள். ஒரு நாள் பத்துப் பலகாரம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் மறந்துபோவதை விட இது மேல்.

3. பிள்ளைக்கு முன்னால் தகப்பனையோ தாயையோ இழிவாகப் பேசாதீர்கள். குடிப்பவரின் பிள்ளையும் அவரை நேசிக்கிறது. அவரை ஏசினால் அது பிள்ளையின் நெஞ்சில்தான் படும். அதோடு, “அப்பா குடிக்கிறது உன்னால இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

4. செத்தவரைப் பற்றிப் பேச விடுங்கள். “அம்மா ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்ல வேண்டாம். அம்மாவின் படத்தை வையுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

5. சத்தமில்லாத பிள்ளையைக் கவனியுங்கள். சாப்பாட்டை ஒளிப்பது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, வகுப்பில் தூங்குவது, பெரியவருக்காகப் பொய் சொல்வது ஆகியவை அடையாளங்கள். கண்டால் டீச்சரிடமோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ, எங்களிடமோ சொல்லுங்கள்.

6. பள்ளிக்கூடத்தை நிறுத்த விடாதீர்கள். 2016இல் இருந்து நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது சட்டம். 2021இல் வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. கடைக்கோ வீட்டு வேலைக்கோ பிள்ளையைக் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

7. பிள்ளைக்கு அடி, பட்டினி, தொந்தரவு என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் போன் போடலாம். அந்தச் சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அக்கம்பக்கத்தாரும் அறிவிக்கலாம்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. குடியை ஒரே நாளில் விட முடியாமல் இருக்கலாம். ஆனால் வர முடியாத நாளுக்கு வருவேன் என்று சொல்லாமல் இருக்க முடியும். “எனக்கு இப்ப முடியல, பெரியம்மா சொல்றதைக் கேட்டு இரு” என்று உண்மையைச் சொன்னால், அதுவும் பிள்ளைக்குச் செய்கிற ஓர் உதவிதான்.

இப்போது அந்தப் பையன்

தீபாவளி கழிந்து நாலு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல் தகப்பன் நீர்வேலிக்குப் போனார். ஒரு பை தேயிலைத் தூளும் பையனுக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் கொண்டுபோனார். சப்பாத்து இரண்டு அளவு சின்னது. மகன் வளர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. பையன் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, “அளவு சரிப்பா” என்றானாம். அவர் போன பிறகு பெரியம்மா கேட்டதற்கு, “தங்கச்சி வளர்ந்து போடட்டும்” என்று எடுத்து வைத்தான். அவள் அதைப் பிறகு இரண்டு வருடம் போட்டாள்.

இந்த வருடம் அவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். கணக்கு நன்றாக வரும், ஆங்கிலம் கஷ்டம். தகப்பன் இன்னும் அதே மாதிரித்தான். சில மாதம் போன் வரும், சில மாதம் வராது. போன தடவை நாம் போனபோது, அப்பா வருவதாகச் சொன்னாரா என்று கேட்டோம். “சொன்னாரு. வந்தா சாப்பாடு இருக்கு சார்” என்றான். வாய்க்கால் மாற்ற நேரமாகிவிட்டது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். சந்திக்குப் போய் நிற்பதை அவன் விட்டு வெகு காலம் ஆயிற்று.

எங்களோடும் இப்போது பேசுகிறான். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. மாதம் ஒரு முறை, முதலாம் ஞாயிறு, இரவு ஏழு மணிக்குப் போன் எடுப்போம் என்று சொன்னோம். இன்று வரை அதைத் தவற விடவில்லை.

கூடிப் பேசுவதற்கு

பிள்ளைக் காம்பராவிலோ மாதர் சங்கக் கூட்டத்திலோ இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுப் பின்வரும் கேள்விகளைப் பேசுங்கள்.

அ. நமது லயத்தில் சத்தமில்லாமல் சுமக்கிற பிள்ளை யாராவது உண்டா? அந்தப் பிள்ளைக்கு நிலையாக நிற்கும் பெரியவர் யார்?

ஆ. பிள்ளைகளிடம் நாம் கடைசியாகக் கொடுத்து மறந்துபோன வாக்கு எது? அதை இந்தக் கிழமை நிறைவேற்ற முடியுமா?

இ. தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், “அம்மா எப்ப வரும்?” என்ற கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? அது உண்மையா?

பேசியதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் சேர்ப்போம். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.